ஜன்னல் வரை எட்டிய ஒயர்

எங்கள் அலுவலகத்தில் வெள்ளிக்கிழமைதோறும் ஏதாவது ஒன்று நடத்துவார்கள். ஒரு வாரம் ரங்கோலி, ஒரு வாரம் சிறுவயதுப் புகைப்படம். இந்த வாரம் ஒரு படிவம் வந்தது: உங்களுக்குப் பிடித்த ஐந்து வீடியோ கேம்கள், ஒவ்வொன்றின் பின்னாலும் உள்ள நினைவு. மற்றவர்கள் முனகினார்கள். எனக்குப் பட்டியல் என்றால் உயிர். கேளம்பாக்கத்தில் நான் குடியிருக்கும் ஃபிளாட்டில் ஃபிரிட்ஜ் கதவில் மட்டும் மூன்று பட்டியல்கள் ஒட்டியிருக்கின்றன. மூன்றாவது, முதல் இரண்டையும் எப்போது புதுப்பிக்க வேண்டும் என்பதற்கான பட்டியல். சிரிக்காதீர்கள்.

காபி ஆறுவதற்குள் முடித்துவிடலாம் என்று கீழிருந்து மேலே நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஐந்தாவது, கைப்பேசியில் ஒரே நிற உருண்டைகளைச் சேர்த்து வெடிக்க வைப்பது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போவேன். உருண்டைகளை வெடித்து வெடித்து, இறங்க வேண்டிய நிலையத்தை ஒரே மாதத்தில் நான்கு முறை தவறவிட்டேன்.

நான்காவது, பொத்தேரியில் கல்லூரிப் பெண்கள் விடுதியில் ஐந்து மடிக்கணினிகளை இணைத்து நாங்கள் ஆடிய துப்பாக்கிச் சண்டை. நான் சுமாராகத்தான் சுடுவேன். ஆனால் கேபிள் முனையில் கிளிப் அடித்து இணைப்பு கொடுக்க என்னை விட்டால் ஆளில்லை. விடுதியில் எனக்கு 'ஒயர்மேன்' என்றே பெயர். அந்தப் பெயரில் எனக்கு ரகசியமான பெருமை உண்டு.

மூன்றாவது, அப்பாவின் பழைய பொத்தான் போனில் நெளிந்த பாம்பு. உறவினர்களோடு முட்டுக்காட்டில் படகேறிய அன்று எல்லோரும் உப்பங்கழியைப் பார்த்தார்கள். நான் பாம்பைப் பார்த்தேன். புகைப்படங்கள் எல்லாவற்றிலும் என் உச்சி வகிடு மட்டும் தெரிகிறது.

இரண்டாவது, கட்டைகள் மேலிருந்து விழும் கையடக்க விளையாட்டுப் பெட்டி. ஆறாம் வகுப்புச் சுற்றுலாவில் மாமல்லபுரத்தில், சிப்பி மாலைகள் தொங்கும் கடையொன்றில் வாங்கியது. அந்தப் பெட்டியை மோந்தால் பல நாள் சிப்பியும் வார்னிஷும் கலந்த வாசனை வரும். பேட்டரி தீர்ந்ததும் சுவர்க் கடிகாரத்திலிருந்து கழற்றிப் போட்டேன். கடிகாரத்தை நம்பிய அப்பா அன்று பஸ்ஸைத் தவறவிட்டார். அந்தப் பெட்டியில் ஒருவர்தான் ஆட முடியும். அந்த வருடம் எனக்கு அதுதான் தோதாக இருந்தது. ஏன் என்பதற்கு முதல் வரிசைக்குப் போக வேண்டும்.

முதல் வரிசையில் 'டாங்கிச் சண்டை' என்று எழுதினேன். நினைவு என்ற கட்டத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டே இருந்தது. காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. நெல்லும் கொஞ்சம் வேர்க்கடலையும் போடும் குடும்பம் எங்களுடையது. சென்னையில் கடை வைத்திருந்த மாமா ஒரு பொங்கலுக்கு டிவி கேம் வாங்கி வந்தார். சாம்பல் நிறப் பெட்டி, மஞ்சள் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக். டாங்கிச் சண்டையில் இருவரும் ஒரே கட்சி. திரையின் கீழே நடுவில் நம் கோட்டை, முதல் ஆள் அதற்கு இடப்பக்கம், இரண்டாவது ஆள் வலப்பக்கம். மேலிருந்து எதிரி டாங்கிகள் இறங்கி வரும். ஒரே கட்சிதான் என்றாலும் ஆட்டம் முடிந்ததும் யார் எத்தனை சுட்டார்கள் என்று தனித்தனியாகக் காட்டிவிடும்.

என் இரண்டாவது ஆள் ஸ்டெல்லா. ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. ஸ்டெல்லா காலனிப் பெண். அவள் அம்மா எங்கள் நிலத்தில் நடவுக்கு வருவார், அப்பா லாரியில் மூட்டை ஏற்றப் போவார். எங்கள் தெரு வீடுகளுக்குள் காலனிக்காரர்கள் வருவதில்லை. வரக்கூடாது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மழை மேலிருந்து விழுவதைப்போல, அது அப்படித்தான் என்று இருந்தேன்.

சனிக்கிழமைகளில் ஸ்டெல்லா பக்கச் சந்தில் கிடந்த உடைந்த உரல்மேல் ஏறி, எங்கள் ஹால் ஜன்னலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் ஆடுவதைப் பார்ப்பாள். கேசட் ஓடாமல் திரை சாம்பலாகி நிற்கும்போது அவள்தான் வைத்தியர்.

"இன்னாடி, எடுக்கலயா? குடு இங்க."

கம்பி வழியாகக் கேசட்டை நீட்டுவேன். இரண்டு கைகளுக்குள் பொத்தி, நீளமாக ஒரு ஊது ஊதுவாள்.

"உன்னமாரி புஸ்ஸு புஸ்ஸுன்னு எச்சி துப்பக் கூடாது. கண்ணாடில ஆவி புடிக்கிறா மாதிரி வுடணும்."

போட்டால் ஓடும். ஒரு முறை அம்மா அதைப் பார்த்துவிட்டார். ஸ்டெல்லா போனதும் கேசட்டைக் கழற்றி, ஈரத்துணியால் துடைத்து வைத்தார். ஈரம் பட்டால் கெட்டுப்போகுமே என்றுதான் நான் அன்று அழுதேன்.

அவளும் ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஜாய்ஸ்டிக் ஒயர் கட்டில்வரைதான் வரும், ஜன்னலை எட்டாது. பிரச்சினையை இப்படித்தான் நான் எழுதிக்கொண்டேன்: ஒயர் நீளம் போதவில்லை. செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கேசட் மாற்றித் தரும் கடையில் கெஞ்சி, உடைந்த ஜாய்ஸ்டிக் ஒன்றை வாங்கிவந்தேன். அதன் ஒயரை வெட்டி எங்களுடையதோடு சேர்க்க வேண்டும். உள்ளே ஐந்து மெல்லிய ஒயர்கள், ஐந்து நிறங்கள். உறையைப் பல்லால் கடித்து உரித்தேன். ரப்பரும் செம்பும் கலந்த அந்தக் கசப்பு இப்போதும் நாக்கில் இருக்கிறது. முதல் முறை சுடும் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் நின்றது. இடது அழுத்தினால் டாங்கி மேலே போனது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கட்டம் போட்டு, எந்த நிறத்தை எதோடு சேர்த்தால் எந்தப் பொத்தான் மாறுகிறது என்று எழுதினேன். என் வாழ்க்கையின் முதல் அட்டவணை அது. மூன்றாம் நாள் எல்லாம் சரியாக வேலை செய்தது. கறுப்பு டேப் சுற்றி, ஜாய்ஸ்டிக்கைக் கம்பிக்கு வெளியே நீட்டினேன். ஸ்டெல்லா உரல்மேல் நின்றபடியே குதித்தாள்.

அம்மாவுக்கும் ஒரே பெருமை. பக்கத்து வீட்டு அத்தையை அழைத்துக் காட்டினார்: "எம் பொண்ணே பண்ணிச்சு! காலனிப் பொண்ணு அது பாட்டுக்கு ஜன்னலாண்ட நின்னுகினு ஆடுது பாரு. உள்ள வர வேலையே இல்ல."

நானும் அதைக் கேட்டுப் பூரித்துத்தான் நின்றேன்.

ஒரு வருடம் அப்படி ஆடினோம். எண்ணிக்கையில் எப்போதும் நான்தான் மேலே. ஸ்டெல்லாவின் டாங்கி கொஞ்சம் இடப்பக்கம் வந்தால் போதும், செத்துவிடும்.

"லெஃப்ட்ல வருதுடி!"

"எங்க? எங்கடி வருது?"

"போச்சு, செத்த. தூங்கினு ஆடறியா?"

"இல்லடி, எனக்கு இந்தப் பக்கம் வரவே மாட்டேங்குது" என்பாள். அவளுக்குத் திறமை அவ்வளவுதான் என்று முடிவு செய்து, ஆசிரியர் தோரணையில் அறிவுரை வேறு சொல்வேன்.

மாமல்லபுரம் சுற்றுலாவில் கடற்கரை பார்த்து முடித்ததும் டீச்சர் அரை மணி நேரம் கடைத்தெருவில் விட்டார். அங்கே டிவி கேம் ஆடும் கடை ஒன்று இருந்தது. நானும் ஸ்டெல்லாவும் உள்ளே ஓடினோம். அதே டாங்கிச் சண்டை. ஒரு மரப் பெஞ்சில் இருவரும் தோள் இடிக்க உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்துக்கு வெளியே நாங்கள் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. திரையைப் பார்த்த ஸ்டெல்லா ஜாய்ஸ்டிக்கை அழுத்தாமல் அப்படியே இருந்தாள்.

"ஏய், இங்க இன்னாடி இவ்ளோ எடம் கீது?"

அவள் விரல் திரையின் இடது ஓரத்தைத் தொட்டது.

எங்கள் ஹாலில் டிவிக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவே ஒரு இரும்பு பீரோ நின்றது. உரல்மேல் நின்று பார்த்தால் அது திரையின் இடது கால்பகுதியை மறைக்கும். ஒரு வருடமாக அந்தக் கால்பகுதியைப் பார்க்காமலே, என் கூச்சலை மட்டும் நம்பி, அவள் ஆடியிருக்கிறாள். ஒயரை அளந்த நான் ஒரு நாளும் சந்துப் பக்கம் போய், உரல்மேல் ஏறி நின்று பார்த்ததில்லை.

அன்று அவள் என்னை ஒன்றுமில்லாமல் செய்துவிட்டாள். மூன்று ஆட்டம், மூன்றிலும் எண்ணிக்கையில் அவள்தான் மேலே. "பாப்பா, இந்தப் பொண்ணாண்ட நீ டியூஷன் போ" என்று கடைக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்போது நான் வெட்கப்பட்டேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மையில் பொறாமைப்பட்டேன். வெளியே வந்ததும் அந்தக் கட்டை விளையாட்டுப் பெட்டியை எனக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா சந்துப் பக்கம் போகவில்லை. வாசலுக்கு வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் நீலப் பாவாடை கட்டியிருந்தாள். செருப்பைப் படிக்குக் கீழே ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டிருந்தாள்.

"அங்கேர்ந்து பாத்தா பாதி மறைக்குதுடி. இன்னிக்கு எதுர்ல உக்காந்து ஆடறேன். ஒரே ஒரு ஆட்டம்."

வெகுகாலம் எனக்கு நானே ஒன்று சொல்லிக்கொண்டேன்: அம்மாவுக்குப் பயந்தேன், சின்னப் பெண்தானே, என்ன செய்ய முடியும் என்று. அன்று அம்மா வீட்டில் இல்லை. அப்பாவோடு செங்கல்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மாலைவரை யாரும் வரப்போவதில்லை. தெருவிலும் யாரும் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. நான் இரண்டு கைகளையும் வாசல் நிலையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஜன்னலாண்ட வா. ஒயரு எட்டும்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். சந்துப் பக்கம் திரும்புவாள் என்று நான் ஹாலுக்கு ஓடி, ஜாய்ஸ்டிக்கை ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டுக் காத்திருந்தேன். அது வெகுநேரம் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

பள்ளியில் அவள் சண்டை போடவில்லை. ரப்பர் கேட்டால் கொடுத்தாள். பேசினால் பேசினாள். சனிக்கிழமைகளில் வரவில்லை, அவ்வளவுதான்.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. வேலைக்கான நேர்காணலில், நீங்களாகச் செய்த முதல் தொழில்நுட்ப வேலை எது என்று கேட்டார்கள். இந்த ஒயர் கதையைத்தான் சொன்னேன். ஐந்து நிறம், அட்டவணை, மூன்று நாள் சோதனை. தோழிக்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். எதிரே இருந்தவர் ரசித்துக் கேட்டுவிட்டு, "ஒயர் ஏன் அவ்வளவு நீளமாகத் தேவைப்பட்டது?" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஹால் கொஞ்சம் பெருசு சார்."

வேலை கிடைத்தது.

போன வருடம் கேளம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினால், உள்ளே ஸ்டெல்லா. மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறாளாம். கழுத்தில் அடையாள அட்டை, மடியில் ஹெல்மெட். வண்டி சர்வீசுக்கு விட்டிருக்கிறாளாம். நகர்ந்து இடம் கொடுத்தாள். மாமல்லபுரத்துப் பெஞ்சுபோலவே தோள் இடிக்க உட்கார்ந்தோம்.

"இன்னா, இன்னும் கேம் ஆடறியா?"

"எப்பவாச்சும். நீ?"

"தெனம். வூட்டுல பெரிய டிவி மாட்டிக்கிறேன்டி. நேர் எதுர்ல சோபா. ஒரு மூலகூட மறைக்காது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவளைப் பார்த்தால் சொல்ல வேண்டியவை என்று என் கைப்பேசியில் நான்கு வரிப் பட்டியல் பல வருடங்களாக இருக்கிறது. முதல் வரி, அம்மா அன்று வீட்டில் இல்லை என்பது. ஆட்டோ மூன்று நிறுத்தம் தாண்டும்வரை நான் அவளிடம் ஃபிளாட் வாடகை, மெட்ரோ வேலை, வெயில் என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"அண்ணாத்த, ஓரமா நிறுத்து" என்று இறங்கியவள், தலையை மட்டும் உள்ளே நீட்டினாள். "நம்பர் வாங்கிக்கினல்ல? ஒரு நாளு வா. வாசல் வழியாவே வா."

இன்னும் போகவில்லை. அழைக்கவும் இல்லை. அலுவலகப் படிவத்தின் முதல் வரிசையை அழித்துவிட்டு, நான்கு விளையாட்டுகளோடு அனுப்பினேன். ஒன்று குறைகிறதே என்று பதில் வந்தது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது என்று எழுதினேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஊரில் வீட்டை இடித்துக் கட்டினோம். அந்த ஜன்னலின் கம்பிச் சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது பார்த்தேன். கீழிருந்து இரண்டாவது கம்பியில், ஒயர் உரசி உரசிப் பச்சைப் பெயின்ட் போன இடம் விரல் அகலத்துக்குப் பளபளத்தது. பீரோவும் அந்த வண்டியிலேயே போனது. டிவி கேமும் ஒயரும் எந்தச் சாக்கில் போயின என்று தெரியவில்லை. சந்து வழியை அடைத்துவிட்டார்கள், உரல் இல்லை. ஸ்டெல்லா செருப்பு விட்ட படியும் புது டைல்ஸுக்கு அடியில் போய்விட்டது. இப்போது ஜாய்ஸ்டிக்குகளுக்கு ஒயரே கிடையாது. ஃபிளாட்டில் ஒரு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டாவது இன்னும் உறை பிரிக்கவில்லை.

போன வாரம் அம்மா போனில் அலுத்துக்கொண்டார்.

"இவ்ளோ பெரிய வூடு கட்டி இன்னாடி புண்ணியம், ஒருத்தரும் வர்றதில்ல. உன் ஃபிரெண்டுங்க யாரையாச்சும் கூட்டிகினு வாயேன்."

யாரை என்று நான் கேட்கவில்லை.