வழக்காடத் தகுதியற்ற தர்மகர்த்தா

செவ்வாய்க்கிழமை காலை பதுளைக் கோர்ட்டு வாசலில் காசீம் நானாவின் துணிக்கடை ஆள் என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணன், நானா மௌத்தாகிட்டார். அடுத்த தவணைக்கு ஆரு வாற?"

"இனி தவணை இல்லப்பா. நானாவோட அதுவும் போச்சு," என்றேன்.

நானாவை அறிந்த உங்களுக்கு அந்த வழக்கும் தெரியும். அவரிடம் துணி வாங்கிவந்த அப்புத்தளைப் பக்கத்துப் பெரிய கங்காணி ஒருவர், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த தம் வீட்டைத் தர்மத்துக்கு எழுதிவைத்து இறந்தார். தோட்டங்களிலிருந்து நோயாளிகளோடு நடந்து வருபவர்கள் அதில் தங்க வேண்டும். தர்மகர்த்தா காசீம் நானா. மரண சாசனத்தை நிறைவேற்றும் பொறுப்பு மட்டும் கங்காணியின் மருமகனுக்கு. துக்கம் தாங்காத மருமகன் அந்த வீட்டில் தம் குதிரையைக் கட்டினார். நோயாளிகள் சாக்கைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரத்தில் படுத்தார்கள்.

நானா வழக்குப் போட்டார். நான் மருமகனுக்காக வழக்கை நடத்திய புரக்டரின் எழுத்தர். ஆட்சேபத்தை எழுதியது என் கைதான். வீடு இன்னும் தர்மகர்த்தா பெயருக்கு மாற்றி எழுதப்படவில்லை; மாற்றும்வரை வழக்காடும் தகுதி அவருக்கு இல்லை; சாசனத்தை நிறைவேற்றுபவரே வழக்காடலாம். கோர்ட்டு ஏற்றுக்கொண்டது.

நானா வெளியே வந்து கேட்டார்: "அப்ப ஆருதான் தம்பி வழக்குப் போடணும்?"

"மருமகன்தான் நானா."

"ஆர் மேல?"

"மருமகன் மேல."

நெடுநேரம் சிரித்தார். "அப்ப குதிரதான் சாட்சி," என்றார். பிறகு சிரிக்காமல், "நான் தோக்கல்ல தம்பி. குதிர நிக்கிதா இல்லியாண்டு ஒருத்தரும் கேக்கவே இல்ல," என்றார்.

அன்று முதல் நோயாளிகளைத் தம் கடையிலேயே, துணிக்கட்டுகளுக்குப் பின்னால் படுக்கவைத்தார். ஊர்ச் சுகாதாரத்துக்குக் கேடு என்று மருமகன் புகார் கொடுத்தார். எந்தத் தகுதியில் கொடுக்கிறீர் என்று அவரை யாரும் கேட்கவில்லை. அதிகாரிகள் வந்து எல்லாரையும் வெளியேற்றினார்கள். நல்ல மழை. காய்ச்சலோடு தோட்டத்து லயத்திலிருந்து வந்த ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கதவு திறக்குமுன் ரோட்டோரத்தில் இறந்தாள். அவளுக்குக் கோடித் துணி நானா கிழித்துக் கொடுத்தார். "இதுக்குத் தகுதி கேக்க மாட்டாங்க," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு நானா சரியான வழியைக் கண்டுபிடித்தார். வீட்டை மாற்றி எழுதும்படி மருமகனுக்கு உத்தரவிடக் கோரி மனுக் கொடுத்தார். அதற்கு ஆட்சேபம் எழுத எங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆகவே தவணை கேட்டோம். தவணைக்கு மேல் தவணை. நாங்கள் எதிர்பார்த்தது போலவே நானா இறந்தார்.

அடக்கத்துக்கு மருமகன் வந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். "சட்டத்த மதிச்ச மனுசருங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

காலியான தர்மகர்த்தா பதவிக்குத் தம்மையே நியமிக்கும்படி அவர் மனுச் செய்கிறார். நேற்று அதை நல்ல பிரதி எடுக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள். நானாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்த எழுத்துவேலை மேல் வந்த அருவருப்பு ஒன்றுதான். அவர் உயிரோடிருக்கும்போதே வந்திருக்க வேண்டியது. எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பக்கத்து மேசைக்காரர் எழுதி முடித்தார். ஒரு பிழைகூட இல்லை.