அரிவாள் வலிக்காத வருடம்

வலிக்கவில்லை. என் வருத்தத்தின், இந்த நோயின், முதல் அறிகுறி அதுதான். அதையே அருள் என்று கும்பிட்ட மடையன் நான்.

கண்டிப் பக்கம் கலஹாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முனியாண்டிக்கு ஆடுகிறவன் நான். காய்ச்சலோ பயமோ, சனம் வெள்ளிக்கிழமை என்னிடம்தான் திருநீறு வாங்க வரும். திருவிழாவில் அரிவாளின் வாய்மேல் ஏறி நின்று குறி சொல்லுவேன். அந்த வலி உச்சந்தலைக்கு ஏறும்போதுதான் சாமி இறங்கும்.

போன திருவிழாவில் ஏறினேன். பலகையில் நிற்பது போலிருந்தது. சாட்டையால் என் கையையே விளாசிக்கொண்டு அரிவாள்மேல் குதித்தேன். இரும்பில் இரத்தம் வழிந்தது.

"சாமி முழுசா எறங்கிருச்சு!" என்று சனம் கத்தியது. நானும் நம்பினேன்.

வீட்டுப் பாயில் இரத்தத்தைப் பார்த்து என் மனைவி பார்வதி அலறினாள். "ஏங்க, பாதம் பொளந்து கெடக்கு, தெரியலையா?"

"சாமி காயம். தானா ஆறும்."

மஞ்சளை அரைத்து அப்பினேன். புண் கறுத்தது, நாறியது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னாள். மஞ்சள் சட்டியைச் சுவரில் அடித்து உடைத்தேன். "சாமியாடியே டொக்டர்கிட்டப் போனா, அப்புறம் எவன் எங்கிட்ட வருவான்?"

அவள் சாட்டையை எடுத்தாள். "நல்ல கால நீட்டுங்க."

உள்ளங்காலில் ஓங்கி அடித்தாள். தோல் சிவந்து தடித்தது. நான் அடுத்தவன் காலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். "வலிக்குதுன்னு சொல்லுங்களேன்!" என்று அழுதுகொண்டே அடித்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

கண்டி ஆஸ்பத்திரியில் மடவளை ஊர்க்கார டொக்டர் மெல்லிய நைலோன் நூலொன்றை எடுத்தார். "கண்ண மூடுங்க ஐயா. தொட்டா சொல்லுங்க."

"தொடுங்க, சொல்றேன்."

"தொட்டு முடிஞ்சி ஐயா."

சீனி வருத்தமாம், நீரிழிவு. எனக்கு வந்திருந்தது நியூரோபதி (சீனி கூடி நரம்பு கெட்டுக் கால் மரத்துப்போவது). அழுகிய இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள். பாதம் தப்பியது.

சீனி வருத்தக்காரர்களே, தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடி வைத்தாவது பாருங்கள்.

இந்த வருடம் கோயில் தலைவர் வந்தார். "அரிவாள் தீட்டியாச்சு சாமி."

"ஏற மாட்டேன்."

"அப்ப சாமி ஒங்கள விட்டுப் போயிருச்சா?"

எனக்கு வெறி வந்தது. "வலிதான்யா சாமிக்கு வழி! செத்த கால அதுமேல வச்சு யார ஏமாத்தச் சொல்ற?"

பாதிச் சனம் வருவதை நிறுத்திவிட்டது. மிச்சம் பேர் வெள்ளிக்கிழமை திருநீறு கேட்டால், "மொதல்ல கால காட்டு, கிளினிக் போனியா?" என்று கத்துகிறேன்.

அந்தியில் பார்வதி என் பாதத்தைத் துடைப்பாள். நான் கண்ணை மூடியிருப்பேன். அவள் விரல் எங்கே இருக்கிறதென்று தெரியாது.

"தெரியுதா?"

"இல்ல."

"இப்ப?"

"இல்ல."

கணுக்காலைத் தாண்டியதும் நறுக்கென்று கிள்ளுவாள்.

"ஆ! கொல்றியாடி?"

சிரிப்பாள். விடிந்ததிலிருந்து நான் காத்திருப்பது அந்தக் கிள்ளலுக்குத்தான்.