காலையில் முதலில் கையில் எடுப்பது

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'அடிபட்டா அக்கா' என்றுதான் சொல்வோம். யாராவது ஏணியைச் சரியாகச் சாய்க்காமல் பல்பு மாற்றினால் போதும், "அடிபட்டா யாரு பாக்கிறது?" என்று வந்து நின்றுவிடுவார்.

அவர் வேலையும் அதுதான். நகராட்சித் தொழிலாளிகளுக்கு வேலையில் அடிபட்டால் வைத்தியச் செலவும் இழந்த சம்பளமும் தருகிற காப்பீடு ஒன்று உண்டு. வருஷா வருஷம் அதைப் புதுப்பிக்கிற பொறுப்பு அக்காவுடையது. பக்கத்து மேஜைக்காரனான எனக்கு அதில் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஒன்று மட்டும் தெரியும். யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று சொல்கிறோமோ, அதற்குத்தான் பாதுகாப்பு. சொல்லாத வேலையில் அடிபட்டால் கம்பெனி கையை விரித்துவிடும்.

வேறு யாராவது என்றால் போன வருஷத்து விவரத்தையே எழுதி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அக்கா மட்டும் புதுப்பிக்கும் மாதம் வந்ததும் செருப்பைத் தேய்க்கத் தொடங்கிவிடுவார். குப்பை லாரி நிற்கும் கொட்டகை, பம்பு அறை, பட்டறை, பூங்கா என்று எல்லா இடத்துக்கும் வேலை தொடங்கும் நேரத்தில் போய் நிற்பார். பதவி என்ன என்று கேட்க மாட்டார். ஒரே கேள்விதான்: "காலையில வந்ததும் மொதல்ல கையில எதை எடுப்பீங்க?" பதவிப் பெயர் எந்தக் காலத்திலோ யாரோ வைத்தது, கை எடுப்பதுதான் வேலை என்பது அவர் கட்சி.

அந்த வருஷம் நானும் கூடப் போனேன். பூங்காவில் எல்லாரும் ஒப்பித்த மாதிரி "பூவாளி" என்றார்கள். கடைசியாக நின்றது அக்காவின் கூடப்பிறந்த தம்பி. அவனும் அக்கா முகத்தைப் பார்க்காமல் "பூவாளிதான்" என்றான். அவன் தோளில் கயிறு அறுத்த தழும்பு, சட்டைக் கழுத்துக்கு வெளியே சிவந்து தெரிந்தது. பூவாளி தூக்கி எவனுக்கு ஐயா தோள் அறுக்கும்?

விஷயம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மரம் வெட்டும் ஆட்கள் ஓய்வு பெற்ற பிறகு புதிதாக யாரையும் எடுக்கவில்லை. ஒரு புயலுக்குப் பின் தோட்டக்காரர்கள் கையிலேயே ரம்பத்தைக் கொடுத்து மரத்தில் ஏற்றினார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. ஏறுகிறவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் பணமும் உண்டு. தம்பிக்குப் பணத்தைவிட அந்த உயரம்தான் பிடிக்கும்.

அன்று மாலை அவன் எங்கள் அலுவலகத்துக்கே வந்தான்.

"அக்கா, பாத்தும் பாக்காத மாதிரி இருந்துடு. மரம் ஏறுறோம்னு எழுதினா பிரீமியம் ஏறும். அதிகாரி வேலைய வெளியில குடுத்துடுவாரு."

"உனக்கு அடிபட்டா யாருடா பாக்கிறது?"

"நான் விழுந்தாத்தானே?"

"எழுதாம விட்டா, நீ விழுற அன்னிக்குக் கம்பெனிக்காரன் என் கையெழுத்தத்தான் காட்டுவான்."

"அப்ப உனக்கு உன் கையெழுத்துதான் பெருசு."

மறுநாள் அக்கா, தோட்டக்காரர்கள் மரம் ஏறுகிறார்கள் என்று எழுதி அனுப்பினார். எனக்கு அது சரியென்றே பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது.

நடந்தது என்னவோ தம்பி சொன்னதுதான். கம்பெனி கேட்ட பிரீமியத்தைப் பார்த்து நிதி அதிகாரி தலையில் கை வைத்தார். மரவேலையை ஒரு காண்ட்ராக்டரிடம் தள்ளிவிட்டு, பாலிசியைப் பழைய பிரீமியத்திலேயே புதுப்பித்தார். தம்பி கொஞ்ச நாள் பூவாளியைத் தூக்கினான். பிறகு நகராட்சி வேலையை உதறிவிட்டு அந்தக் காண்ட்ராக்டரிடமே போய்ச் சேர்ந்தான். "தரையில நிக்கவா நான் பொறந்தேன்?" என்று அக்காவிடம் கேட்டதோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டான்.

மரங்களும் கயிறும் பழையவைதான். அவனுக்கென்று இருந்த காப்பீடுதான் போய்விட்டது. அக்கா காண்ட்ராக்டருக்குப் போன் செய்து, ஆட்களுக்குப் பாலிசி எடுத்திருக்கிறாரா என்று கேட்டார். "எங்க பசங்கள்லாம் விழ மாட்டாங்கம்மா" என்று சிரித்தாராம் அந்த மகாராசன்.

மழைக்காலத்துக்குச் சற்று முன்பு, பள்ளிக்கூட வாசல் மரத்தில் கிளை முறிந்து தம்பியையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. காண்ட்ராக்டர் போனையே எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் அவனத் தள்ளிவிட்டேன்" என்றார். "பேசாம இருங்கக்கா" என்று அதட்டினேன்.

கல்யாணமாகாதவன் வேறு எங்கே போவான்? அக்கா வீட்டுக்குத்தான் வந்தான். அவர் ஊட்டினால் சாப்பிட்டான், பிடித்துவிட்டால் நடந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த புதுப்பிப்புக்கு முன் அக்கா நிதி அதிகாரி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர், அன்று போட்ட சத்தம் வாசல் காவலாளி வரை கேட்டது. தன் ஆட்களுக்குப் பாலிசி எடுத்துக் காட்டாத எந்தக் காண்ட்ராக்டரும் ஒரு கிளையைக்கூடத் தொடக்கூடாது என்று உத்தரவு வந்தது. அதிகாரியும் கல்நெஞ்சக்காரர் இல்லை. அதுவரை அவரிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

காண்ட்ராக்டரின் ஆட்களைப் பார்க்க அக்காவை அழைத்துப்போக, காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். தம்பி கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அக்கா செருப்பை மாட்டும்போது, இத்தனை மாதத்துக்குப் பிறகு, அவனாக வாயைத் திறந்தான்.

"என்னைக் கேக்க மாட்டியா?"

அக்கா அப்படியே நின்றுவிட்டார். "என்னத்தடா?"

"ஊர்ல எல்லாரையும் கேப்பியே, காலையில மொதல்ல கையில எதை எடுப்பீங்கன்னு."

தம்பி சுவரில் சாய்த்திருந்த ஊன்றுகோலைக் கை நீட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இதத்தான். இந்தத் தடவை பொய் சொல்லலக்கா."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று நாங்கள் தாமதமாகத்தான் கிளம்பினோம்.