எறங்கிருச்சு

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் "ரத்தம் எடுக்கிறவள்" என்று சொல்லி முடித்துவிடுகிறேன். முன்பு விளக்கமாகச் சொல்வேன். நோய்க்கிருமியை அடிக்கத்தான் நம் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இருக்கின்றன, சில பிள்ளைகளுக்கு அவற்றில் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களையே அடித்துக் கொன்றுவிடும், அதற்கப்புறம் அந்தப் பிள்ளை ஆயுசு முழுக்க ஊசியில்தான் பிழைக்க வேண்டும், அந்தக் கிறுக்கு அணுக்களைத்தான் இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று. கேட்டவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "சின்னதுல சாக்லேட்டு நெறையத் திங்கக் குடுத்திருப்பாகளோ?" என்பார். கருமம். போதுமடா சாமி என்று விட்டுவிட்டேன்.

விருதுநகரில் மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே தும்மித் தும்மி வளர்ந்தவள் நான். இப்போது பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். எங்களிடம் எலிகள் உண்டு. எலிக்கு இந்த வியாதி வந்தால் குணமாக்க எங்களுக்கு எத்தனையோ வழி தெரியும். குணமாக்கிவிட்டு ஒரு கட்டுரை எழுதுவோம். மனுசப் பிள்ளைக்கு வந்தால் ஒரு வழியும் தெரியாது. அதற்கும் ஒரு கட்டுரை எழுதுவோம். எழுதிவிட்டு நட்சத்திர ஓட்டலில் கூடி, நீரிழிவைப் பற்றிப் பேசியபடியே மத்தியானம் பாதாம் அல்வா தின்போம். நானும்தான் தின்றிருக்கிறேன்.

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் போர்மேனாக இருக்கிற அண்ணன், என் பெரியப்பா மகன். அவர் மகளுக்குப் பன்னிரண்டு வயதில் இந்த வியாதி வந்தது. வருவதற்கு இரண்டு மாசம் முன்னால் அவளுக்கு அம்மை போட்டிருந்தது. மதினிக்கு அதுவே காரணம். "ஆத்தா முழுசா எறங்கல. உள்ளயே நின்னுட்டா. அதான் பிள்ள இப்பிடித் தண்ணியாக் குடிக்கா" என்று அழுதார். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு, அம்மை போட்ட தேதியைக் கேட்டு என் நோட்டில் ஆசையாக எழுதிக்கொண்டேன். கிருமி ஏதாவது வந்து போன பிறகு அணுக்களுக்குக் கிறுக்குப் பிடிக்கிறதா என்பதும் எங்கள் ஆராய்ச்சியில் ஒரு கேள்வி. மதினி சொன்னால் அது மூடநம்பிக்கை, நான் எழுதினால் அது குறிப்பு. என் கொழுப்பை என்னவென்று சொல்ல?

ஊசி போடக் கற்றுக்கொடுத்தேன். மதினி ஊசியைத் தொடவே மாட்டேன் என்றார். அண்ணனோ பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வருஷக்கணக்காக நிதானம் பழகிய கைக்காரர், முதல் தடவையே சரியாகப் போட்டார். பிள்ளை அழவில்லை. வாய்த்துடுக்கு மட்டும் குறையவே இல்லை. ஆராய்ச்சிக்கென்று நான் ரத்தம் எடுத்தபோது, "இதுல இருக்க கிறுக்குப் பயலுகள மட்டும் தனியாப் பிடிச்சு என்ன செய்வீக அத்தை?" என்றாள்.

"கேள்வி கேப்பேன்."

"பதில் சொல்லுவாய்ங்களா?"

"இருபது வருசமாச் சொல்லல."

"நல்லா மெரட்டுங்க. உங்களப் பாத்தா எங்க அப்பாவே பயப்படுவாரு" என்றாள். மாசத்துக்கு ஒரு தடவை விருதுநகருக்கு ரயிலேறி வந்து, அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு திரும்புவது எனக்கு வழக்கமாயிற்று. பிள்ளையைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாவது மாசம் அவளுக்குத் தேவையான இன்சுலின் கிடுகிடுவென்று குறைந்தது. காலையில் ஒரு துளி, ராத்திரி ஒரு துளி போதும் என்று ஆயிற்று. இது குணமில்லை. இந்த வியாதியில் சில பேருக்கு ஆரம்பத்தில் இப்படி ஒரு காலம் வரும். சாகாமல் மிச்சமிருக்கிற செல்கள் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி சுரக்கும். அடிக்கிற அணுக்களும் ஏனோ கொஞ்சம் ஓய்ந்திருக்கும். பிறகு எல்லாம் பழையபடி வரும், நிச்சயமாக வரும். அதனால் அந்தத் துளி ஊசியை நிறுத்தவே கூடாது. ஓய்ந்திருக்கிற அணுக்கள் எங்களுக்குக் கிடைக்காத பொருள். அவை ஏன் ஓய்ந்தன என்று தெரிந்தால் என்னென்னவோ தெரிந்துவிடும். அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

இந்தக் காலத்துக்கு டாக்டர்கள் வைத்திருக்கிற பெயர் தேனிலவு. எவன் வைத்தானோ. பன்னிரண்டு வயசுப் பிள்ளையின் அப்பனிடம் அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. ரத்தக்குழாய்களை ஐஸ் பெட்டியில் அடுக்கியாயிற்று, ரயிலுக்கு நேரமாகிறது, வாசலில் ஆட்டோ நிற்கிறது. அண்ணன் கேட்டார், "ஏத்தா, எப்பிடி இருக்கு பிள்ளைக்கு?"

"எறங்கிருச்சுண்ணே" என்றேன். ஊசியின் அளவைத்தான் சொன்னேன்.

"எறங்கிருச்சா? நெசமாவா?"

"ஆமாண்ணே. நல்லா எறங்கிருச்சு."

அவர் அப்படியே இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருக்கிற பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். மதினி அடுப்படியிலிருந்து ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷப்படட்டுமே என்று நினைத்தேன். நான் அந்த ஊர்ப்பக்கத்துக்காரி. எங்கள் பக்கத்தில் காய்ச்சல் விடும், வலி குறையும், வீக்கம் வடியும். ஆனால் எறங்குவது ஆத்தாதான். ஆத்தா எறங்கிவிட்டால் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார்கள், அதற்குமேல் அந்த உடம்பில் ஊசி படக்கூடாது. பிள்ளைப் பிராயத்தில் எனக்கே மூன்று தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இத்தனையும் தெரிந்தவள் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். மடியில் ஐஸ் பெட்டி.

மறுநாள் அவர்கள் தண்ணீர் ஊற்றினார்கள். இன்சுலின் குப்பியை என்ன செய்வது என்று தெரியாமல், மருந்தை அவமதிக்க வேண்டாமென்று, மதினி அதை வேப்பமரத்தடியில் ஊற்றிக் கும்பிட்டிருக்கிறார். சீசன் நேரத்தில், ஆர்டர் தலைக்குமேல் கிடக்கும்போது, அண்ணன் லீவு கேட்டு வாங்கி, சாத்தூர் வழியாகப் பிள்ளையை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போனார். மாவிளக்குப் போட்டார்கள். வெல்லமும் பச்சரிசி மாவும் பிசைந்த அந்த மாவை, அஞ்சு மாசமாக இனிப்பையே கண்ணில் காட்டாத பிள்ளைக்கு, "தின்னு தாயி, இனி ஒனக்கு ஒண்ணுமில்ல" என்று உருண்டை உருண்டையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

பிள்ளை மட்டும் சந்தேகப்பட்டாள். கோயிலிலிருந்து எனக்கு ஒரு போட்டோவும் கூடவே ஒரு குரல்பதிவும் அனுப்பினாள். நான் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். அவள் ரத்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். போட்டோவைப் பார்த்தேன். நெற்றி நிறையத் திருநீறு, வாய் நிறைய மாவு. என்ன மாவு என்று யோசிக்கவில்லை. குரல்பதிவைக் கேட்காமலே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் போன் செய்தார். பிள்ளைக்கு வாந்தி, அப்புறம் பெரிய பெரிய மூச்சு, தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியிருக்கிறது. ரத்தம் புளித்துப்போய் உடம்பு காற்றுக்குத் தவிக்கிற மூச்சு அது. தெருவில் பொம்பளைகள் கூடிச் சாமி வந்திருக்கிறது என்று குலவை போட்டிருக்கிறார்கள். திருநீற்றைப் பூசி, "என்ன வேணும் கேளு ஆத்தா" என்று கேட்டிருக்கிறார்கள். பிள்ளை "தண்ணி" என்றிருக்கிறது. பானகம் கரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அரை நாள் இந்தக் கூத்து நடந்திருக்கிறது. கம்பெனியிலிருந்து வந்த அண்ணன்தான் அவளைத் தூக்கி லோடு ஏற்றுகிற வேனில் போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நினைவில்லை, பிழைப்பது கஷ்டம் என்றார்களாம்.

ரயிலில்தான் அந்தக் குரல்பதிவைக் கேட்டேன். "அத்தை, இனிமே ஊசியே வேணாம்னு நீங்க சொன்னீகளாம். அப்பா சொல்றாரு. நெசமாவா? எனக்கு ராத்திரி ரெண்டு தடவ எந்திரிச்சுத் தண்ணி குடிக்கத் தோணுது. நீங்க ஆமான்னு சொன்னா நான் கேட்டுக்கிருவேன்." அதற்குக் கீழே என் கட்டைவிரல். த்தூ. எதிர் சீட்டில் இருந்த அம்மா, "வயித்தப் பெரட்டுதா? எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன், மோந்து பாக்கீகளா?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்கள். சித்தப்பா முறையில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டு, பொட்டப்பிள்ளையாச்சே, விஷயம் வெளியே தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான், சாப்பாடு சேரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார். உள்ளே பிள்ளை உயிருக்குத் தொங்குகிறது, இவர் மாப்பிள்ளை பார்க்கிறார். "எந்திரிச்சுப் போயிருங்க. என் வாயில நல்லா வந்துரும்" என்றேன். முறைத்துக்கொண்டே போனார், வடையையும் எடுத்துக்கொண்டு.

மதினி சுவரில் சாய்ந்து நின்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது. "நீங்க எறங்கிருச்சுன்னுதான சொன்னீக? எங்களுக்கு என்ன தெரியும். நீங்க சொன்னதத்தான செஞ்சோம்" என்றார். குரலில் கோபமே இல்லை, எங்கே தப்புச் செய்தோம் என்று என்னிடமே கேட்கிறார். அண்ணன் என் காலைப் பார்த்துக்கொண்டு, "கோயிலுக்கு லேட்டாப் போயிட்டமோ?" என்றார். நான் வார்த்தையை விளக்க ஆரம்பித்தேன். அளவு வேறு, ஆத்தா வேறு என்று. விளக்க விளக்க, தப்பை அவர்கள் தலையில் கட்டுகிறேன் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டு, "தப்பு என்னோடதுண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை. படித்தவள் பெருந்தன்மைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் போனில் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அணுக்கள் ஓய்ந்திருந்தபோதும் திரும்ப எழுந்தபோதும் ஒரே பிள்ளையிடமிருந்து ரத்தம் கிடைப்பது ரொம்ப அபூர்வம், சங்கடம் இல்லையென்றால் பாருங்கள் என்றார். இவனெல்லாம் மனுசனா என்று நினைத்தேன். ஆனால் அவர் சொல்வதற்கு முன்பே, பெங்களூரில், பிள்ளை பிழைப்பாளா என்று தெரியாத அந்த நேரத்தில், மாற்றுத் துணியோடு சேர்த்து நான் நான்கு ரத்தக்குழாய்களைப் பையில் எடுத்து வைத்திருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போய் எடுத்தது.

மூன்றாம் நாள் காலையில் பிள்ளை கண் விழித்தாள். உதடு வெடித்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, "மன்னிச்சிரு தாயி, அத்தை தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் அதைக் காதில் வாங்கினாளா தெரியவில்லை. அவள் கண் என் பைக்குப் போயிற்று. பை வாய் திறந்திருந்தது.

"அந்தக் கையில ட்ரிப்ஸ் ஏறுது அத்தை" என்றாள் மெதுவாக. "இந்தக் கையில எடுத்துக்கோங்க."

சட்டைக் கையை அவளே சுருட்டிவிட்டுக் கையை நீட்டினாள். நான் எடுத்தேன்.