ட்ரம்மைச் சாய்க்க ஓர் ஆள்

கரி சுடுவது இரண்டு பேர் வேலை. என் வீட்டுக்காரர் இருந்தவரை அதை நான் யோசித்ததே இல்லை.

மைசூருக்கு வெளியே, நஞ்சன்கூடு போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, தகரம் போட்ட கொட்டகை எங்களுடையது. குண்டலுபேட்டைப் பக்கமிருந்து கடலைத்தோலும் மக்காச்சோளச் சக்கையும் வரும். இரும்பு ட்ரம்மில் போட்டுச் சுட்டு, கரியைப் பொடித்து, மைதாக் கஞ்சி விட்டுப் பிசைந்து, கை மிஷினில் அழுத்திக் காயவைத்தால் கரிக்கட்டி. டீக்கடைக்காரர்களும் இஸ்திரி போடுகிறவர்களும் வாங்குவார்கள்.

ட்ரம்முக்கு அடியில் ஓட்டைகள் உண்டு; காற்றுப் போக, மூன்று கல்மேல் நிற்கும். வெள்ளைப் புகை அடங்கியதும் கல்லை உருவி, ட்ரம்மைத் தரையில் உட்காரவைத்து, மூடி போட்டு, சுற்றிலும் சேறு பூசிவிட வேண்டும். தாமதித்தால் எல்லாம் சாம்பல். அவர் கடப்பாரையால் ட்ரம்மைச் சாய்ப்பார். "ம், எடு" என்பார். நான் கல்லை இழுப்பேன். சில நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை எங்களுக்குள் நடந்த பேச்சே அவ்வளவுதான்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்ததும், பெங்களூரில் இருக்கும் மகன், "இதை விட்டுட்டு எங்கூட வந்துடும்மா" என்றான். போயிருக்கலாம். அவர்கள் வேலைக்குப் போனபின் பகலெல்லாம் அந்த வீட்டுக்குள் என்ன செய்வேன் என்று நினைத்தேன். இங்கேயே இருந்துவிட்டேன்.

தனியாகச் சுட்ட முதல் நாள், கடப்பாரையை அழுத்திப் பிடித்துக்கொண்டே காலால் கல்லைத் தள்ளப் பார்த்தேன். ஒரு கல் நகர்ந்தது. மற்ற இரண்டும் அசையவில்லை. மறுநாள் மூடியைத் திறந்தால் வெறும் சாம்பல். அழுகை வரவில்லை. அள்ளி வேலியோரம் கொட்டிவிட்டு, சமைக்காமல் படுத்துக்கொண்டேன்.

சாமுண்டி மலை அடிவாரத்தில் சோளம் சுட்டு விற்கும் ஒரு பெண் எங்களிடம் கரிக்கட்டி வாங்குகிறவள். ஆட்கள் தின்றுவிட்டுப் போடும் சக்கையைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து கொடுப்பாள். அடுத்த முறை அவள் வந்தபோது நான் ட்ரம்மோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"யாரூ இல்வா அக்கா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நீ கொஞ்சம் பிடிக்கிறியா?"

சாக்கை இறக்கிவிட்டு, கடப்பாரையை வாங்கிச் சாய்த்தாள். சாய்த்தபடியே நின்றாள். நானும் குனிந்தபடியே காத்திருந்தேன், எதற்கென்று தெரியாமல்.

"அக்கா, கை நோவுது! ஏன் சும்மா இருக்கீங்க?" என்று அவள் தனக்குத் தெரிந்த தமிழில் கத்தினாள். அப்போதுதான், இனி யாரும் எனக்கு 'எடு' என்று சொல்லப்போவதில்லை என்பது புரிந்தது. கல்லை உருவினேன்.

அதற்குப் பிறகு கரி சுடும் நாளில் அவள் வந்துவிடுவாள். சேறு பூசி முடித்ததும் கிளம்பிவிடுவாள். அவளுக்கு வியாபாரம் இருக்கிறது. மறுநாள் நான் தனியாகத்தான் மூடியைத் திறப்பேன்.

ஒரு நாள் திறந்தபோது சக்கைகள் ஒன்றுகூட உடையாமல், முத்து உதிர்ந்த குழிகள் அப்படியே தெரிய, கன்னங்கரேலென்று கிடந்தன. தட்டினால் கண்ணாடி போலச் சத்தம். அவர் இருந்தபோதுகூட அப்படி ஒரு கரி அமைந்ததில்லை. மகனுக்குப் போன் செய்தேன். "மீட்டிங்ல இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்றான்.

உடைக்க மனசில்லாமல் கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏற ஆரம்பித்ததும் உலக்கையை எடுத்துப் பொடித்தேன்.