பெறாமகளின் இரத்தம்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு குளிர்காலம். ஸ்காபரோவில் ஒரு கல்லூரியில் மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தவணை கனடாவின் பூர்வகுடி எழுத்தாளர்களின் கதைகளைப் படித்தோம். ஆசிரியர் பலகையில் ‘இரத்தம் ஒரு குறியீடு’ என்று எழுதினார். அதன்கீழே ‘அடையாளம்’ என்றும் ‘காயம்’ என்றும் எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார். மற்றவர்கள் மளமளவென்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு அது குறியீடாகத் தெரியவில்லை. வருகிற செவ்வாய்க்கிழமை நான் கையை நீட்டவேண்டிய ஊசியாகத்தான் தெரிந்தது.

அன்று மத்தியானம் லோயரின் கந்தோரிலிருந்து போன் வந்திருந்தது. கொழும்பில் தெரிந்தவர்கள் வீட்டில் விட்டுவந்த என் மகளைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தேன். அவளுடைய பிறப்புப் பதிவு சண்டையில் எரிந்துபோயிருந்தது. அதனால் தாயும் பிள்ளையும்தானா என்று இரண்டு பேரின் இரத்தத்தையும் சோதிக்கப் போகிறார்களாம்.

சோதித்தால் அகப்பட்டுவிடுவேன். அவள் என் தங்கையின் பிள்ளை.

பிள்ளையின் தகப்பன், தங்கை சாவதற்கு முந்திய வருடமே, சண்டையில் செத்துவிட்டான். ஷெல் விழுந்த அன்று தங்கையை நான்தான் மடியில் கிடத்தியிருந்தேன். என் சட்டையில் அவளுடைய இரத்தம் காய்வதற்குள் கைக்குழந்தை என் தோளுக்கு வந்துவிட்டது. எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் தங்கையின் மகளைப் பெறாமகள் என்போம். பெறவில்லை, ஆனால் மகள்தான். தாயும் போனபின் அவளை நான் வேறு எப்படிச் சொல்வது? ரொறன்ரோ விமான நிலையத்தில் பிள்ளைகள் உண்டா என்று அதிகாரி கேட்டபோது, “ஒரு மகள்” என்றேன். மொழிபெயர்த்தவரும் யாழ்ப்பாணத்தவர், அப்படியே சொன்னார். நான் பொய் சொல்கிறேன் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் வடக்கு ஒன்ராரியோவிலிருந்து வந்த பூர்வகுடிப் பெண். என் வயதுதான் இருக்கும். எந்தக் கதையைப் படித்தாலும் எல்லோரும் அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள், அவளே எழுதியது போல. அவள் முகத்தைச் சுளிப்பாள். அதனாலேயே அவளை எனக்குப் பிடித்திருந்தது.

இடைவேளையில் கவனிக்காமல் கோப்பியைக் கோப்பை நிரம்பி வழிய ஊற்றிவிட்டேன். என்ன என்று கேட்டாள். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கள் ஆட்களிடம் வாய் திறந்தால் கதை பொழுதுபடுமுன் அடுத்த நகரமான மிசிசாகா வரை போய்ச் சேர்ந்துவிடும். இவள் யாரிடம் சொல்லப் போகிறாள்?

அவளும் தன் கதையைச் சொன்னாள். அவளுடைய தாய் வெள்ளைக்காரனைக் கட்டியதால் இனி நீ பூர்வகுடி இல்லை என்று அரசாங்கம் பதிவிலிருந்து பெயரை வெட்டிவிட்டதாம். பிறகு சட்டம் மாறித் திருப்பிக் கொடுத்தார்களாம். ஆனால் இவளுடைய பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. “எங்கள் கதைகளில் ஏன் இவ்வளவு இரத்தம் என்று அவர் கேட்கிறார். எங்கள் இரத்தத்தை அளக்கிறவர்களைப் போய்க் கேட்கச் சொல்லு” என்று வகுப்பறைப் பக்கம் தலையை ஆட்டினாள். பிறகு குரலைத் தணித்து, “எங்களிலும் தாயின் சகோதரி தாய்தான். ஆனால் ஊசிக்கு அது விளங்காது. அவர்கள் கண்டுபிடிக்குமுன் நீயே சொல்லிவிடு” என்றாள்.

அடுத்த நாள் லோயரின் கந்தோருக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அங்கே வேலை செய்த தமிழ் அண்ணை தலையில் கைவைத்தார்.

“இதை முதலே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி. தாய் தேப்பன் இல்லாத பிள்ளை எண்டு கேட்டுப் பாப்பம். ஆனா நீங்கள் பொய் சொன்னதெண்டு மறுக்கவும் கூடும்.” கொஞ்சம் பொறுத்து, “பிள்ளையையும் விசாரிப்பினம். அவவுக்குத் தெரியுமோ?” என்றார்.

தெரியாது. யாரோ ஒரு அதிகாரி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அவளுக்கு அதைச் சொல்லப் போகிறான் என்பதை என்னால் தாங்கமுடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழும்புக்குப் போன் எடுத்தேன். எப்படித் தொடங்கினேன் என்று நினைவில்லை. உன்னைப் பெத்தது என்ரை தங்கச்சி என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது.

அம்மா எப்படிச் செத்தா, ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று கேட்பாள், அழுவாள் என்று பதில்களையெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

“அப்ப என்னை அங்கை விடமாட்டினமோ, அம்மா?” என்றாள்.

“விடுவினம்” என்றேன். தெரியாமல்தான் சொன்னேன்.