முள் தீர்ந்துவிடக் கூடாது

வெட்டரிவாள் வாங்குகிறவர்கள் பளபளப்பைப் பார்த்து ஏமாறுவார்கள். நான் பார்ப்பது மூக்கை. நுனிப்பக்கம் வளைந்து கீழே இறங்குகிற அந்த மூக்கில்தான் கனம் இருக்க வேண்டும். கனம் பிடிப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் நம் தோள்தான் செத்துப் பிழைக்கும். மூக்கில் இருந்தால் தூக்கிவிடுவது மட்டும் நம் வேலை, மிச்சத்தை அரிவாள் பார்த்துக்கொள்ளும். திருத்துறைப்பூண்டி சந்தையில் நான் இதைச் சொன்னதும் இரும்புக் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வூட்டுல ஆம்பள இல்லையா?"

"இருக்காரு. அவரு வந்து கேட்டா குடுத்துடுவீங்களா?"

கொடுக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும். அறுவடைக் கூலித் தகராறு முற்றி அடிதடி ஆன பிறகு, எங்கள் தெரு ஆண்களுக்குப் பெரிய அரிவாள் எதுவும் விற்கக் கூடாது என்று போலீஸ் வாய்மொழியாகச் சொல்லி வைத்திருந்தது. அதற்கு முன்பே எங்கள் தெருவுக்குள் புகுந்து, கூரைக் கீற்றில் செருகி வைத்திருந்த வெட்டரிவாள் அத்தனையையும் உருவிக்கொண்டு போயிருந்தார்கள். கதிர் அறுக்கிற கருக்கரிவாளை மட்டும் விட்டுவைத்தார்கள். அதையும் எடுத்துக்கொண்டால் மிராசுதாருக்கு யார் அறுப்பது?

என் வீட்டுக்காரர் அந்த அடிதடி வழக்கில் ஜாமீனில் வந்திருந்தார். தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அவர் கையில் அரிவாளைப் பார்த்தாலே போதும், ஜாமீன் ரத்து. அதனால்தான் நானும் என் நாத்தனாரும் சந்தைக்கு வந்திருந்தோம். அவள் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம்.

அவசரத்துக்குக் காரணம் எங்கள் குடிசை நின்ற மனை. மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிற கூலிக்காரர்களுக்கு அந்த மனையே சொந்தம் என்று சட்டம் வந்திருந்தது. எங்களுக்காக மேடையில் தொண்டை கிழியப் பேசியவர்கள் மந்திரியாகி, சட்டமும் போட்டுவிட்டார்கள். ஆனால் சென்னையிலிருந்து எங்கள் ஊருக்குச் சட்டம் கால்நடையாகத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வருகிறார், வேலிக்குள் யார் புழக்கத்தில் இருக்கிறார்களோ அவர்களுக்கே மனை என்று தண்டோரா போட்டார்கள். அதைக் கேட்ட மறுநாளே மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்கிற காரியக்காரர் உழவு மாடுகளை ஓட்டி வந்து எங்கள் முன்வேலியை மிதிக்கவிட்டார். மாடு தானாக வந்துவிட்டதாம். மாட்டுக்கு வந்த அறிவைப் பாருங்கள்.

எங்கள் மனைக்குப் பின்னால் வாய்க்கால், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டு வேலிகள். முன்பக்கம் மட்டும்தான் திறந்து கிடந்தது. அந்த வழியாகப் பண்ணை வண்டி உள்ளே வந்து ஒரு வைக்கோல்போர் போட்டுவிட்டால் கதை முடிந்தது. 'இது பண்ணை போர் போடும் இடம், குடிசை நடுவில் முளைத்தது' என்று இன்ஸ்பெக்டரிடம் காட்டிவிடுவார்கள். அவர் வருவதற்குள் முன்வேலியை அடைத்தாக வேண்டும். காட்டுக்கருவை முள்ளைக் கருக்கரிவாளால் வெட்ட முடியாது.

கடைக்காரர் முதலில் நீட்டியது ஒரு சின்ன அரிவாள். "பொம்பள கைக்கு இது போதும்."

பிடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். தென்னை மட்டை கழிக்கலாம், கருவையில் போட்டால் பல் விழும். அடுத்ததில் கனம் இருந்தது, ஆனால் பிடியில் பூண் ஆடியது. வெட்டும்போது அலகு கழன்றால் அது யார் மேல் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. கடைசியில் சாக்குக்கு அடியில் கறுப்பாக ஒன்று கிடந்தது. சாணை மினுக்கமே இல்லை. முதுகைக் கல்லில் தட்டிக் காதில் வைத்தேன், ஓசை பிசிறில்லாமல் நின்றது. கையை நீட்டிப் பிடித்தபோது மூக்கு தானாகத் தரையைப் பார்த்துச் சாய்ந்தது.

"மாப்புள பாக்க வந்தப்பகூட எங்கண்ணன நீங்க இவ்வளவு பாக்கல அண்ணி," என்றாள் நாத்தனார்.

"பாத்திருந்தா இந்தக் கஷ்டம் ஏன்?" என்றேன். கடைக்காரர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார்.

அலகில் வைக்கோல் சுற்றிக் கூடையின் அடியில் வைத்து, மேலே கோடியக்கரைக் கருவாட்டைப் பரப்பிக்கொண்டோம். ஊருக்கு வருகிற வழியில் பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டார்கள். போலீஸ்காரர் என் கூடையைக் குச்சியால் ஒருமுறை தொட்டார். நெத்திலி வாசனை அவர் மூக்கில் ஏறியது, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஊர் வந்து சேரும்வரை நான் கூடையை மடியைவிட்டு இறக்கவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்ததும் வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று அரிவாளையும் என்னையும் பார்த்தார். "வம்பு எதுவும் வேண்டாம்," என்றார். வம்பு என்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் முகம் அப்படி இருந்தது.

நாங்கள் இரண்டு பேரும் வாய்க்கால் கரையிலிருந்து கருவைக் கிளைகளை இழுத்து வந்து முன்பக்கம் குவித்தோம். ஊரில் தடையுத்தரவு. கூட்டம் சேரக் கூடாது என்பதால் தெருக்காரர்கள் உதவிக்கு வர முடியவில்லை, அவரவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் வெட்ட ஒரு முறை உண்டு. இடது கையில் கவைக்கம்பு, அதன் கவட்டையால் கிளையை, கீழே போட்ட வெட்டுக்கட்டையான அடிமரத்தின் மேல் அழுத்திப் பிடிக்க வேண்டும். வலது கை வெட்ட வேண்டும். முள்ளைக் கையால் தொடவே கூடாது. வெட்டுகிறபோது மரச்சிம்பும் முள்ளும் நாலா பக்கமும் தெறிக்கும். அதனால் எங்கள் பக்கத்தில் முள் வெட்டுகிறவர்களின் அருகே யாரும் போக மாட்டார்கள். எட்டி நின்று குரல் கொடுப்பார்கள், வெட்டுகிறவர் அரிவாளை அடிமரத்தில் கொத்தி நிறுத்திய பிறகுதான் கிட்டே வருவார்கள். அப்படிக் கண் போன மனிதர் எங்கள் தெருவிலேயே ஒருவர் இருந்தார்.

வேலி முக்கால்வாசி முடிந்திருந்தது. ஒரு வண்டி நுழைகிற அளவு இடைவெளி பாக்கி. அந்த இடைவெளியில் அடிமரத்தைப் போட்டு நான் வெட்டிக்கொண்டிருந்தபோது சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. தலை உயர வைக்கோல் ஏற்றிய பண்ணை வண்டி. முன்னால் காரியக்காரர், பின்னால் பண்ணையாட்கள், கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

"ஏய், வழிய விடுடி," என்றார் காரியக்காரர். "வண்டி உள்ள வரணும்."

என் கை நின்றிருந்தால் அன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும். அரிவாளைக் கீழே வைத்தால் வண்டி உள்ளே வரும். அரிவாளோடு நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினால் ஆயுதம் காட்டி மிரட்டினாள் என்று கேஸ், வீட்டுக்காரர் திரும்ப உள்ளே. நான் நிமிரவில்லை. கவையால் அடுத்த கிளையை இழுத்து வெட்டினேன்.

"முள்ளு தெறிக்குதுங்க ஐயா. தள்ளி நில்லுங்க," என்றேன். அது மட்டும்தான் சொன்னேன்.

அவர்கள் நின்றுவிட்டார்கள். வேறு எதற்கும் நிற்காதவர்கள், பிறந்ததிலிருந்து பழகிய பழக்கத்துக்கு நின்றார்கள். ஒரு சிம்பு போய் மாட்டின் மேல் விழுந்தது, வண்டியோட்டி நுகத்தடியைப் பிடித்துப் பின்னால் தள்ளினான்.

"அருவாள கீழ வைம்மா," என்றார் கான்ஸ்டபிள்.

"இந்தா, இது முடிஞ்சதும் வச்சுடுறேங்க."

இது முடிந்ததும் அடுத்தது. அது முடிந்ததும் இன்னொன்று. வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்க முடியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை, அவ்வளவு கோபப்பட்டதும் இல்லை. ஒவ்வொரு வெட்டிலும் காரியக்காரரின் முகம் கிளையில் தெரிந்தது. தெரிந்ததும் அதைத் தள்ளிவிட்டு, முள், முள் மட்டும்தான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அரிவாள் அவர் இருந்த பக்கம் ஒரு சாண் திரும்பினாலும் போயிற்று.

நாத்தனார் பின்பக்கமிருந்து கிளைகளை இழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"கரையில முள்ளு இல்ல அண்ணி. இனிமே ரோட்டுக்கு அந்தாண்டதான்."

ரோட்டில் அவர்கள் நின்றார்கள். என் முன்னால் சின்னக் குவியல்தான் மிச்சம். முழ நீளத்துக்கு வெட்டிக்கொண்டிருந்ததைச் சாண் நீளத்துக்குக் குறைத்தேன். பிறகு அதில் பாதி. விரல் நீள முள்ளில் யாரும் வேலி கட்டியதில்லை. காரியக்காரருக்குப் புரிந்துவிட்டது.

"என்னடி, சாம்பாருக்கா நறுக்குற?" என்று அவர் சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். "நறுக்கு, நறுக்கு. எவ்வளவு நேரம்னு பாப்போம்."

வண்டியோட்டி மாட்டின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு தயாராக நின்றான். உள்ளங்கையில் தோல் கழன்று பிடி வழுக்கியது. குவியலில் இன்னும் சில குச்சிகள்தான். அப்போது கான்ஸ்டபிள் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, தெறிக்கிற முள்ளுக்குள் நேராக என் பக்கம் நடந்து வந்தார். அரிவாளைப் பிடுங்கப் போகிறார் என்று நினைத்தேன். நாத்தனார் "ஐயோ" என்றாள். அவர் என் பக்கத்தில் வந்து, காரியக்காரருக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"மெதுவா வெட்டும்மா. தீந்துடப் போவுது," என்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "அருவாள வைன்னு எத்தன வாட்டி சொல்றது?" என்று அதட்டினார்.

மெதுவாக வெட்டினேன். ஒவ்வொரு குச்சியையும் புரட்டி, கணு பார்த்து, இடம் பார்த்து வெட்டினேன். கடைசிக் குச்சி அடிமரத்தில் இருந்தபோது ஜீப் வந்தது.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் இறங்கி வண்டியைப் பார்த்தார், வேலியைப் பார்த்தார், என் காலடியில் கிடந்த முள் துணுக்குகளைப் பார்த்தார். "இங்க யாரு குடியிருக்கா?" என்று கேட்டார்.

"நான் காலையிலேருந்து நிக்கிறேன் சார். இந்தம்மாதான் உள்ள வேல செஞ்சுக்கிட்டிருக்கு," என்றார் கான்ஸ்டபிள்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்காரரின் பெயரைக் கேட்டார். நாத்தனார் சொன்னாள். அவர் பேனாவை எடுத்ததும் காரியக்காரர் குறுக்கே வந்தார். "அவன் மேல கேஸ் இருக்குங்க. ஜாமீன்ல இருக்குறவன். அவன் பேர எழுதக் கூடாதுங்க."

வெயிலில் வந்த எரிச்சல் இன்ஸ்பெக்டர் முகத்தில் இருந்தது. "சரி, அந்தம்மா பேருல எழுதிக்கிறேன். அந்தம்மா மேல கேஸ் இருக்கா?"

"பாருங்க, இன்னமும் அருவாள புடிச்சுக்கிட்டு மெரட்டுறா!"

"கீழ வைம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

வைக்கத்தான் நினைத்தேன். விரல்கள் பிரியவில்லை. பிடியைச் சுற்றி இறுகிப்போய், யாருடைய கையோ போல இருந்தது. "வரலைங்க," என்றேன். இன்ஸ்பெக்டர் ஓர் அடி பின்னால் போனார். கான்ஸ்டபிள் முன்னால் வந்தார். நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நெம்பிப் பிரித்தாள். கட்டைவிரல் கடைசியாக வந்தது. அரிவாள் மண்ணில் விழுந்தது.

"இவங்கள உங்களுக்குத் தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டர் காரியக்காரரிடம் கேட்டார்.

"தெரியாம என்னங்க? கல்யாணம் கட்டி வந்த நாள்லேருந்து இங்கதான் கெடக்குறா. திமிரு புடிச்சவ."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். என் பெயர், இன்னாரின் மனைவி, திருமணமான நாள் முதல் இந்த மனையில் குடியிருந்து வருகிறார், பண்ணைக் காரியக்காரரே சொன்னது. திமிரை மட்டும் விட்டுவிட்டார். இடது கைக் கட்டைவிரலை மையில் வைத்து உருட்டினேன். வலது கையால் அன்றைக்கு ஒன்றும் முடிந்திருக்காது.

ஜீப் போனதும் வைக்கோல் வண்டி ரோட்டிலேயே திரும்பியது. கான்ஸ்டபிள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் வண்டிக்குப் பின்னால் நடந்தார். வேலிக்கு உள்பக்கம், வெறும் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நாத்தனார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் உள்ளங்கையில் ஊற்றினாள். "இப்ப எதுக்கு அண்ணி அழுவுறீங்க? எடம் நம்மளுதாயிடுச்சே."

"நம்மளுது இல்ல புள்ள. என்னுது," என்றேன்.

அவள் செம்பைச் சாய்த்தபடியே என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு சொல்லை அதற்கு முன் நான் எதைப் பற்றியும் சொன்னதில்லை. சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது.